குடும்பத்தில் மெலனோமா: அம்மாவுக்கு வந்தது பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 44 வயதில் கெண்டைக்காலில் இருந்த ஒரு கரும்புள்ளியை அகற்றிப் பரிசோதித்தபோது அது மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய், என்று தெரியவந்தது. நிணநீர்க் கணுவிலும் நோய் இருந்ததால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருந்துச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். இப்போது நலமாக இருக்கிறார். அவருடைய அக்காவான என் பெரியம்மா, முதுகில் தோன்றிய மெலனோமா நுரையீரலுக்குப் பரவி, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். அவர்களுடைய தம்பியான என் தாய்மாமா கணையப் புற்றுநோயால் ஐம்பது வயதைத் தாண்டும் முன்பே மறைந்தார். அது முற்றிலும் வேறு நோய் என்பதால் நாங்கள் இதுவரை இதனுடன் சேர்த்து எண்ணியதில்லை.

அம்மாவின் கட்டியைப் பரிசோதித்த அறிக்கையில் ‘பிராஃப் வி600இ பிறழ்வு உள்ளது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்த நாள் முதல் என் தங்கை, இந்த மரபணு மாற்றம் அம்மாவிடமிருந்து எங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று நம்பி அஞ்சிக்கொண்டிருக்கிறாள். தன் உடலில் உள்ள மச்சங்கள் அனைத்தையும் அகற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறாள். அம்மாவோ, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த நோயைத் தானே கொடுத்துவிட்டதாக எண்ணி வருந்துகிறார். எனக்கு ஒன்பது வயதில் மகளும் ஐந்து வயதில் மகனும் இருக்கிறார்கள். தங்கையின் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறதா, எங்களில் யார் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதுவரை எங்கள் தோலை எப்படிக் கவனித்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். புற்றுநோய் மரபியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்கள் தங்கையின் அச்சம் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் உங்கள் குடும்பத்தில் கவனிக்க ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் அந்த அறிக்கை. பிராஃப் மரபணுவில் காணப்பட்ட பிறழ்வு, அம்மா பிறந்தபோது அவருடன் வந்தது அன்று. அவருடைய வாழ்நாளில் எப்போதோ தோலின் ஒரே ஒரு நிறமிச் செல்லில் ஏற்பட்டு, அந்தச் செல்லிலிருந்து பெருகிய கட்டிக்குள் மட்டும் இருப்பது. கருமுட்டையில் அது இல்லாததால் பிள்ளைகளுக்குச் செல்ல வழியே இல்லை. தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் பிறழ்வு காணப்படுகிறது; தீங்கற்ற சாதாரண மச்சங்களிலும் பெரும்பாலானவற்றில் அது உண்டு. மருத்துவர்கள் அதைத் தேடுவது, டப்ராஃபெனிப், டிராமெடினிப் போன்ற மருந்துகள் அந்த நோயாளிக்குப் பயன்படுமா என்று அறிவதற்காகவே. கட்டியைப் பரிசோதிப்பதும், பிறவியிலேயே வந்ததை அறிய இரத்தத்தையோ உமிழ்நீரையோ பரிசோதிப்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அம்மாவுக்கு இரண்டாவது பரிசோதனை இதுவரை செய்யப்படவில்லை என்று உங்கள் குறிப்பிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

அதைச் செய்ய வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம், சேர்த்து எண்ணியதில்லை என்று நீங்கள் எழுதிய தாய்மாமாவின் நோய். மெலனோமாவும் கணையப் புற்றுநோயும் ஒரே குடும்பத்தின் ஒரே கிளையில் வரும்போது, சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவை நாங்கள் உடனே நினைவுகூர்கிறோம். ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு, மரபுவழி மெலனோமாவுடன் தொடர்புடையது என்று 1994இல் கண்டறியப்பட்டது. இது உருவாக்கும் பி16 என்ற புரதம், செல் கட்டுப்பாடின்றிப் பிரிவதைத் தடுக்கும் கடிவாளம். ஒவ்வொருவரிடமும் இம்மரபணுவின் இரண்டு படிகள் (நகல்கள்) உண்டு. ஒன்று பழுதாகப் பிறந்தவருக்கு மற்றொன்று வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் சேதமடைந்தால் போதும், அந்தச் செல்லில் கட்டுப்பாடு அறுந்துவிடுகிறது. பழுதான படி ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை. தங்கை சொன்ன பாதிக்குப் பாதி என்ற கணக்கு இத்தகைய பிறழ்வுக்குத்தான் பொருந்தும், அதுவும் அம்மாவிடம் அது இருந்தால் மட்டுமே.

இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை. இப்பிறழ்வு உள்ளவர்களில் 80 வயதுக்குள் மெலனோமா வருபவர்கள் ஐரோப்பாவில் 58 விழுக்காடு, அமெரிக்காவில் 76, ஆஸ்திரேலியாவில் 91 என்று 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது. பிறழ்வு ஒரே மரபணுவில் இருந்தும் நாட்டுக்கு நாடு எண் மாறுவதற்கு வெயிலும் தோலின் நிறமும் பெரிய காரணங்கள். மேலும், அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை ஏற்கெனவே பலருக்கு நோய் வந்த குடும்பங்கள். அப்படித் தேர்ந்தெடுக்காமல், மெலனோமா வந்த பொதுவான நோயாளிகளின் உறவினர்களை வைத்து 2005இல் கணக்கிட்டபோது அதே எண் 28 விழுக்காடாகக் குறைந்தது. உங்கள் குடும்பத்துக்கு உரிய எண் இவ்விரு ஆய்வுகளின் எண்களுக்கும் இடையில் எங்கோ இருக்கலாம். ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தங்கை உறக்கமிழக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மெலனோமா அரிதாகவே காணப்படும் மக்களிடையே, ஒரே கிளையில் இருவருக்கு நோய் வந்தாலே பரிசோதனையைப் பற்றிப் பேசலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல். அது மிகுதியாக உள்ள நாடுகளில் மெலனோமாவும் கணையப் புற்றுநோயும் சேர்ந்து மூன்று நிகழ்வுகள் வேண்டும் என்பார்கள். அம்மா, பெரியம்மா, தாய்மாமா என்று உங்கள் குடும்பம் கடுமையான அளவுகோலையும் எட்டிவிடுகிறது. பரிசோதனையை அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். நோய் வந்தவரிடம் தேடினால்தான் இருக்கிறதா, இல்லையா என்ற விடைக்குத் தெளிவான பொருள் கிடைக்கும்.

மறுமொழி 2

நான் தோல்நோய் மருத்துவர். மச்சங்களை முழுவதுமாக அகற்றிவிட வேண்டும் என்ற உங்கள் தங்கையின் எண்ணத்தைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். ஏனெனில் இத்தகைய குடும்பங்களில் இருந்து வருபவர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

மெலனோமாக்களில் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து உருவாகுபவை ஏறத்தாழ 10இல் 3 மட்டுமே. மற்றவை மச்சமே இல்லாத வெறும் தோலில் புதிதாகத் தோன்றுகின்றன. ஆகவே எல்லா மச்சங்களையும் வெட்டி எடுத்தாலும் ஆபத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். உடலெங்கும் தழும்புகள் சேர்வதால் பின்னாளில் தோலைப் பார்ப்பதும் கடினமாகும். மச்சங்கள் பல இருப்பதும், அவற்றுள் சில பெரிதாகவும் ஒழுங்கற்றும் இருப்பதும் ஆபத்து கூடுதல் என்பதற்கான அடையாளங்கள் என்பது உண்மைதான். 1978இல் அமெரிக்க மருத்துவர் வாலஸ் கிளார்க்கும் உடன் ஆய்ந்தவர்களும் மெலனோமா மிகுந்த குடும்பங்களில் இத்தகைய மச்சங்களை விவரித்தார்கள். அதற்கும் முன்னே, 1820இல், இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் நோரிஸ், தம் நோயாளியின் தந்தையும் இதே போன்ற நோயால் இறந்ததையும் குடும்பத்தில் மச்சங்கள் இருந்ததையும் கவனித்து, இது மரபுவழி நோயாக இருக்கலாம் என்று எழுதிவைத்தார். மரபணு என்ற கருத்தே தோன்றாத காலத்தில் நோயாளியின் குடும்பத்தாரையும் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த மருத்துவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

உங்களுக்கும் தங்கைக்கும் நான் பரிந்துரைப்பது, உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் முழுவதையும், அதைப் பெருக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியுடன் ஒரு முறை பரிசோதித்து, உடல் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்வது. அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ மருத்துவர் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மாதம் ஒரு முறை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இரு பாதியும் ஒத்திராத வடிவம், தெளிவற்ற விளிம்பு, ஒரே புள்ளிக்குள் பல நிறங்கள், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம் ஆகியவை அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. இவற்றைவிட நான் மிகுந்த கவனம் செலுத்துவது மாற்றத்துக்கு. சில வாரங்களிலோ மாதங்களிலோ வளர்கிற, நிறம் மாறுகிற, அரிக்கிற, கசிகிற புள்ளி எதுவாயினும் உடனே காட்டுங்கள். உங்கள் உடலில் உள்ள மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் ஒன்று மட்டும் வேறுபட்டுத் தெரிந்தால், அது சிறியதாக இருந்தாலும் காட்டுங்கள்.

கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு இது வராது என்று நினைத்துவிடுவதால் நோயைத் தாமதமாகக் கண்டறிவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வரும்போது வெயில் படாத உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வருவது அதிகம். ஒரே நகத்தில் நீளவாக்கில் தோன்றிய கருங்கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலிலும் படர்ந்தாலோ, அடிபட்டதால் வந்த இரத்தக்கட்டு என்று காத்திருக்கக் கூடாது. பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால் நகத்தின் அடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

இவ்வளவு கவனத்துக்கும் பயன் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடன், வேறெங்கும் பரவாத நிலையில் அகற்றப்பட்ட மெலனோமாவுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கடந்து வாழ்பவர்கள் 95 விழுக்காட்டுக்கும் அதிகம்.

மறுமொழி 3

நான் சிடிகேஎன்2ஏ பிறழ்வுடன் பிறந்தவள். என் அப்பாவுக்கும் அத்தைக்கும் மெலனோமா வந்த பிறகு நாங்கள் பரிசோதனை செய்துகொண்டோம். என்னிடமும் அண்ணனிடமும் அது இருக்கிறது, தம்பியிடம் இல்லை. எனக்கு இதுவரை இரண்டு மெலனோமாக்கள் மிக மெல்லிய நிலையிலேயே அகற்றப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் அறுவை தவிர வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. அண்ணனுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

உங்கள் அம்மாவின் வருத்தத்தைப் படித்தபோது என் அப்பா நினைவுக்கு வந்தார். அவரும் இப்படித்தான் தம்மை நொந்துகொண்டார். அவர் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டதால்தான் நாங்கள் எதைத் தேடுவது என்று அறிந்து தேடினோம், என்னுடைய முதல் மெலனோமா கண்ணில் பட்டது என்று பலமுறை அவரிடம் சொன்னேன். அது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. அவருடைய பரிசோதனை இல்லாவிட்டால் என் தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த அந்தப் புள்ளியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் அம்மாவிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். எந்த மரபணுவைப் பிள்ளைக்குத் தருவது என்று பெற்றோர் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குடும்ப வரலாற்றை மறைக்காமல் சொல்வதுதான் அவரால் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக்கூடியது.

கணையத்தைப் பற்றி ஆலோசகர் சொன்னதற்கு ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். இப்பிறழ்வு உள்ளவர்களுக்கு 40 வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோப்பி வழியான அல்ட்ராசவுண்ட் மூலம் கணையத்தைக் கண்காணிக்கும் நடைமுறை இருக்கிறது. நான் அதைப் பின்பற்றுகிறேன். புகைபிடித்தல் கணையப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னதும் என் அண்ணன் அந்தப் பழக்கத்தை விட்டார். எங்கள் வீட்டில் பரிசோதனையால் கிடைத்த முதல் நன்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையை அருகில் உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பிராஃப் பற்றிய விளக்கத்தைக் கேட்ட பிறகு அவளுடைய முகத்தில் தெளிவு வந்தது. மச்சங்களை அகற்றும் பேச்சையும் விட்டுவிட்டாள். அம்மா இரத்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். அத்தையையும் அப்பாவையும் பற்றி எழுதிய சகோதரியின் சொற்கள்தான் அவரை இசையவைத்தன.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அம்மாவின் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்தால், நாங்கள் இந்தக் கண்காணிப்பை எல்லாம் விட்டுவிடலாமா? இருக்கிறது என்று வந்து என்னிடமும் அது இருந்தால், பிள்ளைகளுக்கும் உடனே பரிசோதனை செய்ய வேண்டுமா?

மறுமொழி 4 (மறுமொழி 1ஐ எழுதியவர்)

அம்மா ஒப்புக்கொண்டது அறிந்து மகிழ்ச்சி. முதல் ஐயத்துக்கு விடை: விட்டுவிடக் கூடாது. பலருக்கு மெலனோமா வந்த குடும்பங்களிலும் சிடிகேஎன்2ஏ பிறழ்வு காணப்படுவது 20 முதல் 40 விழுக்காட்டில்தான். சிடிகே4, பாப்1, பாட்1, டெர்ட் போன்ற வேறு மரபணுக்களும் காரணமாகலாம். அவற்றில் பாப்1 பிறழ்வு கண்ணுக்குள் வரும் மெலனோமாவுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் வழி வகுக்கும். ஆகவே ஒற்றை மரபணுவை மட்டும் பார்க்காமல் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பெரும்பாலான குடும்பங்களில் காரணம் தென்படுவதில்லை. டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் இரட்டையரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வு, மெலனோமா வரும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் 58 விழுக்காடு மரபு சார்ந்தது என்று மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும் பகுதி, ஒவ்வொன்றும் சிறிதளவே ஆபத்தைக் கூட்டும் பல மரபணு வேறுபாடுகளின் கூட்டு விளைவு. தோல், தலைமுடி ஆகியவற்றின் நிறத்தைத் தீர்மானிக்கும் எம்சி1ஆர் மரபணு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெற்றோரிலோ உடன்பிறந்தவரிலோ ஒருவருக்கு மெலனோமா வந்திருந்தாலே, பரிசோதனையில் எதுவும் தென்படாவிட்டாலும், ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

அம்மாவிடம் பிறழ்வு கண்டறியப்பட்டு உங்களிடமோ தங்கையிடமோ அது இல்லை என்று வந்தால் மட்டுமே ‘இல்லை’ என்ற விடைக்குப் பெரும் மதிப்பு உண்டு. கணையக் கண்காணிப்பு அப்போது தேவையிருக்காது. ஆண்டுக்கொரு தோல் பரிசோதனையை மட்டும் தொடருமாறு சொல்வேன். மூன்றாவதாக ஒரு விடையும் வரக்கூடும்: தீங்கானதா, தீங்கற்றதா என்று இன்னும் உறுதிப்படாத ஒரு மாற்றம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பொருள் மாறி எழுதப்படலாம் என்பதால் ஆய்வகத்துடன் தொடர்பில் இருங்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, மகளுக்கும் மகனுக்கும் இப்போதே பரிசோதனை வேண்டும் என்று நான் வலியுறுத்தமாட்டேன். பருவம் எய்துவதற்கு முன் மெலனோமா வருவது மிக அரிது. பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றேதான், அதாவது வெயிலிலிருந்து காப்பதும் பத்து வயதளவில் தோல் மருத்துவரிடம் காட்டத் தொடங்குவதும். ஆகவே, தாமே புரிந்துகொண்டு முடிவெடுக்கும் வயது வரை மரபணுப் பரிசோதனையைத் தள்ளிவைப்பதையே நான் பெரும்பாலும் ஆதரிக்கிறேன். சில குடும்பங்கள் இதற்கு மாறாக முடிவெடுப்பதுண்டு. பதின்பருவத்தினர் தம் நிலையை அறிந்தால் கூடுதல் கவனத்துடன் இருப்பார்கள் என்ற அவர்களின் வாதத்தையும் நான் மதிக்கிறேன்.

வெயிலைப் பற்றி இங்கு யாரும் விரிவாக எழுதவில்லை. சிறுவயதில் தோல் கன்றிப்போகும் அளவுக்கு வெயில் படுவது பின்னாளில் மெலனோமாவின் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளச் செய்தார்கள். அதன் பின் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அந்தக் குழுவில் 11 பேருக்கும், விருப்பம்போலப் பூசியவர்களில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது. இது மரபுவழிக் குடும்பங்களில் செய்த ஆய்வு அன்று. ஆயினும் பிறவியில் வந்த ஆபத்தின் மேல் வெயிலின் ஆபத்தைக் கூட்டாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. முழுக்கைச் சட்டை, அகலமான விளிம்புள்ள தொப்பி, நண்பகல் நேரத்தில் நிழல் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். தோலைப் பழுப்பாக்கும் செயற்கை ஒளிப் படுக்கைகளைக் குடும்பத்தில் யாரும் அணுக வேண்டாம்; புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதிப்பட்டவற்றின் பட்டியலில் 2009 முதல் அவை இருக்கின்றன.

ஆலோசகரைச் சந்திக்கப் போகும்போது அம்மாவின் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கொண்டுசெல்லுங்கள். பெரியம்மா, தாய்மாமா ஆகியோரின் பழைய மருத்துவக் குறிப்புகள் உறவினர்களிடம் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். பெரியம்மாவுக்கும் தாய்மாமாவுக்கும் பிள்ளைகள் இருந்தால், விடை வந்த பிறகு அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதை அம்மாவிடம் இப்போதே பேசி வையுங்கள். அவர்களிடம் கொடுக்க ஒரு விளக்கக் கடிதத்தை ஆலோசகரே எழுதித் தருவார்.